காற்று கார்டு

"பாதில ஜனம் எயுந்து போச்சின்னா, அடுத்த ஞாயித்துக்கெயம மெல்லிச கச்சேரிதான். இப்பவே சொல்ட்டேன்" என்று பக்தவச்சலம் என் காதருகே கத்தினார்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். கம்பெனி வேலை கொடுத்த சீதனம். அதனால் எர்ணாவூரில் எல்லோரும் என்னிடம் கத்தித்தான் பேசுவார்கள்.

பக்தவச்சலம் எங்கள் சமூக நலக்கூடத்தின் செயலாளர். மேடையில் நடந்துகொண்டிருந்தது என் மகள் எழில்மொழி எழுதிய முதல் நாடகம். அவள் கேட்டது நான்கு ஞாயிறு. அவர் கொடுத்தது ஒன்று, அதுவும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. ராஜா இல்லை, சாமி இல்லை, காதல்கூட இல்லை, இதை எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்பது அவர் கட்சி.

உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். வீட்டில் சொல்லவில்லை.

கதை நடப்பது 2091இல். எண்ணூர் முழுவதையும் ஒரு கண்ணாடிக் கூண்டு மூடியிருக்கிறது. வெளியே காற்று விஷம். உள்ளே காற்று ரேஷனில். ஆளுக்கு ஒரு கார்டு.

கதாநாயகி காற்றுக் கடைக்குப் போய் மெஷினில் விரலை வைக்கிறாள்.

"கைரேக வியலம்மா, நாளிக்கு வா" என்கிறான் கடைக்காரன்.

"அது வரிக்கும் மூச்ச புட்ச்சிகினு கெடக்கறதா?"

கூடமே சிரித்தது. எனக்குப் பின்னால் இட்லிக்கடை ரூபினா, "அய்யே, நம்ம கடக்காரனேதான்!" என்று நாற்காலியைத் தட்டினாள். என் மனைவி மங்கை முறுக்கை வாயருகே கொண்டு போனவள் கடிக்க மறந்திருந்தாள்.

ஒருவரும் எழவில்லை. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கண்ணாடிக் கூண்டில் விரிசல் விழும் காட்சி வந்தது. விளக்குகள் சிவந்தன. எங்கிருந்தோ சங்கு ஊதியது. ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. மூன்றாவது தடவையும் ஏறியது.

இருநூறு பேரும் எழுந்துவிட்டார்கள்.

யாரும் அலறவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து முந்தானையை, துண்டை, துப்பட்டாவை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். கடல் பக்கத்துக் கதவு வழியாக, காற்று வரும் திசையைப் பார்த்து நடந்தார்கள். விஷவாயு கசிந்து தொழிற்சாலைச் சங்கு மூன்று தடவை ஏறி இறங்கினால் இதைத்தான் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவுக்கு அடுத்து சொல்லித் தருவது இதுதான்.

முதல் ஆளாக வெளியே போனது பக்தவச்சலம். மங்கையும் போய்விட்டாள். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மட்டும் எழவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மேடைக்குப் பின்னால் போனேன். எழில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அல்லாரும் எயுந்து பூட்டாங்க நைனா. மெல்லிசதான் இனிமே."

"அந்தச் சங்க எங்க ரெகார்டு பண்ண?"

"ரெகார்டு இல்ல. நாங்க நாலு பேரு மைக்கண்ட நின்னு வாயால ஊதனோம்."

பக்கத்தில் மூன்று பெண்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் குடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. எழில் என்னை முறைத்தாள்.

அதற்குள் கூடத்தில் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தோம். எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க் கடை டீ மாஸ்டர் தன் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, ஈர முகத்தோடு சிரித்துக்கொண்டு, அவரவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்கள்.

"பேஜாரா பூட்ச்சிம்மா, நெசம்னே நென்ச்சிட்டேன்!" என்று ரூபினா மேடையைப் பார்த்துக் கத்தினாள். "அந்தப் பொண்ணு பொயச்சாளா இல்லியா? போடும்மா மிச்சத்த!"

பக்தவச்சலம் கடைசியாக வந்தார். துண்டிலிருந்து சட்டையெல்லாம் சொட்டியது. யார் முகத்தையும் பார்க்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் வாசலாண்ட ஒரு டிரம் தண்ணி வெச்சிடணும்" என்றார், பொதுவாக.

எழில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. "நெசமாவே நல்லா கீதா நைனா? எம்பொண்ணாச்சேன்னு சொல்லாத" என்றாள்.

எங்கள் கம்பெனியில் அந்தச் சங்குக்குப் பொத்தானை அழுத்துகிற ஆள் நான். ஊத வேண்டிய நிலைமை வந்தால் என் சட்டைப்பையில் இருக்கும் போன்தான் முதலில் அடிக்கும். அது அடிக்கவில்லை, நான் எழவில்லை, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக மாதம் ஒரு தடவை, நாள் சொல்லாமல், ஒத்திகைக்காக ஊதுகிறேன். சங்கு கேட்டதும் துணியை நனைத்துக்கொண்டு வெளியே வாருங்கள் என்று வீடு வீடாக நோட்டீசும் கொடுத்தாயிற்று. கம்பெனிக்காரனுக்கு வேறு வேலையில்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

"நான் நெச சங்கு ஊதி இன்னி வரிக்கும் ஒருத்தன்கூட டீ கிளாஸ கீய வெச்சதில்ல, கண்ணு" என்றேன்.