ஒரு துளி எச்சில்

கேளுங்கள் கண்ணுகளா, கென்யாவில் வெள்ளைக்காரன் போட்ட முள்வேலி முகாம் அது. பெண்கள் நாளெல்லாம் வெயிலில் நின்று அகழி வெட்ட வேண்டும். அந்தச் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் பச்சைக்குழந்தையின் மேல் துளி எச்சில் உமிழ்ந்தால் அது ஆசி. அது கிடைக்காத பிள்ளை தங்காது என்பார்கள். வெள்ளையனுக்காகத் துப்பாக்கி தூக்கிய உள்ளூர்க் காவலாளி கிதின்ஜி, தன் தலைப்பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு அகழிக்கு வந்தான். உள்ளே மண் வெட்டிக்கொண்டிருந்த ஞோக்கி அவன் அம்மாவின் அக்கா.

"பெரியம்மா, ஒரு துளி."

"வாய் காஞ்சு கிடக்குதுப்பா. எம்மக தண்ணி கேட்டப்போ குடத்தை உதைச்சியே, அன்னிக்குக் காஞ்சது."

"அது மேலிடத்து உத்தரவு பெரியம்மா."

"கால் உன்னோடதுதானே?"

பக்கத்தில் மண் அள்ளிய பெண்கள் சிரித்தார்கள். மகளைப் புதைத்த மண் இன்னும் ஞோக்கியின் நகக்கண்ணில் இருந்தது. கிதின்ஜி ஓடிப்போய்த் தானே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் நிதானமாகக் குடித்தாள்; கடைசி மிடறை மட்டும் வாயில் நிறுத்திக்கொண்டு குடத்தை அடுத்தவளிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறி அகழியின் கடைசி வரை போய்க் காலியாகத் திரும்பி வந்தது. ஞோக்கியின் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அகழியின் விளிம்பில் மண்டியிட்டு, குழந்தையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். குழந்தை கொட்டாவி விட்டது. அவள் அதன் நெற்றியைப் புறங்கையால் ஒருதரம் தடவினாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தபடியே, தொண்டை ஏறி இறங்குவது அவனுக்கு நன்றாகத் தெரியும்படி, விழுங்கினாள்.