முதுகு கனத்துக்குப் புது வைத்தியம்

கனகவல்லி நத்தைக்கு ஒரு வாரமா முதுகு கனம். ஊரே பேசுற டாக்டரைப் பாக்கத் திங்கக்கிழமை கிளம்பி, புதன்கிழமை மத்தியானம் போய்ச் சேந்தா.

டாக்டர் ஒரு நண்டு. அடுத்தவங்க ஓட்டுக்குள்ள குடியிருக்கிற ரகம். இருக்கிற ஓடும் இப்ப அவருக்கு இடுப்புல பிடிக்குது.

"உங்க வியாதியே அந்த ஓடுதாம்மா," ன்னார், தொட்டுக்கூடப் பாக்காம. "கழட்டிட்டா காத்து மாதிரி ஆயிடுவீங்க. இப்ப எல்லாரும் பண்ணிக்கிறாங்க. அதோ பாருங்க, போன வாரம் பண்ணினவரு."

வாசல்ல ஓடே இல்லாத நத்தை ஒண்ணு, பளபளன்னு வளைஞ்சு நெளிஞ்சு காட்டுச்சு. கனகவல்லிக்கு ஆசை பொத்துக்கிட்டு வந்துச்சு.

"கழட்டுன ஓட்டை என்ன டாக்டர் பண்றது?"

"அந்தத் தொல்லையெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நான் பாத்துக்கிறேன்." சொல்லிக்கிட்டே கொடுக்கால அவ ஓட்டோட வாயை அளந்தார். ரெண்டு தடவை அளந்தார்.

கனகவல்லிக்குச் சுருக்குன்னுச்சு. "ஒரு நிமிஷம் டாக்டர்," ன்னு வாசலுக்கு ஊர்ந்தா.

"ஓட்டைக் கழட்டுனப்ப வலிச்சுதா தம்பி?"

"எனக்கு எப்பக்கா ஓடு இருந்துச்சு? பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். இங்க நின்னா தினம் ரெண்டு முட்டைக்கோஸ் இலை தர்றாரு."

வெயில்ல அதுக்கு மேலெல்லாம் காஞ்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. குரலைத் தாழ்த்திக் கேட்டுச்சு: "அக்கா, டாக்டர் வர்றதுக்குள்ள உங்க ஓட்டு நிழல்ல கொஞ்சம் நின்னுக்கட்டுமா?"

கனகவல்லி ஓட்டை அந்தப் பக்கமா சாய்ச்சா. முதுகு இன்னும் கனமாத்தான் இருந்துச்சு.

"நல்லா ஒட்டி நில்லுடா," ன்னா.