மலையைப் பார்த்து ஒரு சத்தியம்

"எகனாமிக்ஸ் இருக்குது. ஹிஸ்டரி இருக்குது. ரெண்டையும் ஒண்ணா சேத்து எந்த காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"

கேட்டுவிட்டு, அரிசி மண்டிக் கதவில் பாதியைச் சாத்தினார் காசி.

வேதா கையிலிருந்த ஃபைலைப் பிரித்தாள். பொருளாதார வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் அவளைப் பெற்ற அப்பாவுக்கே புரியாது. இந்த மனிதரை எப்படி நம்ப வைப்பது?

அவள் கேட்டது ஒரே விஷயம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் தாது வருஷப் பஞ்சத்தில் ஊரே பட்டினி கிடந்தபோது, மண்டிக்காரர்கள் நெல்லை எங்கே மறைத்தார்கள்?

கடைசி அத்தியாயத்துக்கு அந்தப் பதில் மட்டும்தான் பாக்கி. அந்தக் காலத்திலிருந்து திருவண்ணாமலையில் மண்டி நடத்தும் குடும்பம் காசியுடையது மட்டும்தான்.

பாவம், அவள் வந்த நேரம் அப்படி. எமர்ஜென்சி. போன வாரம்தான் பதுக்கல் ரெய்டில் பக்கத்து ஊர் வியாபாரியை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கையில் ஃபைலோடு ஒருத்தி வந்து நெல்லை எங்கே மறைப்பீர்கள் என்று கேட்டால் யாருக்குத்தான் வியர்க்காது?

"பொம்பளைய அனுப்பினா சந்தேகம் வராதுன்னு அனுப்பிட்டாங்களா?" காசி சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

"ஐயோ, நான் படிக்கிற பொண்ணுங்க."

"அப்ப வெளிய வாங்க."

தெருமுனையில் மலை நின்றது. இந்தக் கடைத்தெருவில் தகராறு முற்றினால் ஆளை மலைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதைப் பார்த்துப் பொய் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வராது.

"அப்படி ஒரு படிப்பு இருக்குதுன்னு மலையப் பாத்து சொல்லிடுங்க. எங்க பெரியவங்க கதை மொத்தத்தையும் சொல்றேன்."

இருக்கு. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

வேதா நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

காசி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். மூட்டைகளை நகர்த்தினார். தரையிலிருந்த பலகையைத் தூக்கினார். புது நெல்லின் வாசனை மேலே வந்தது.

"இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது? எழுதிக்குங்க. பஞ்சத்துல எங்க தாத்தாவோட அப்பா வெட்டின குழி இது. அன்னிலேர்ந்து நெல்லு இங்கதான்."

வேதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும், சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"நான் ஆபீசர் இல்லைங்க," என்றாள். அது அவர் காதில் ஏறவில்லை.

"இதை எந்த ஆபீஸ்ல குடுப்பீங்கம்மா?"

போன வெள்ளிக்கிழமைதான் அவளுடைய பேராசிரியர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எகனாமிக்ஸ்காரர்கள் அவள் படிப்பை வரலாறு என்று தள்ளினார்கள், வரலாற்றுக்காரர்கள் எகனாமிக்ஸ் என்று தள்ளினார்கள். கடைசியில் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. புள்ளியியலுக்கு மாறிக்கொள்ளம்மா என்றார். அவள்தான் வீம்புக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

வேதா ஃபைலை மூடினாள்.

"இதை இனிமே யார்கிட்டயும் குடுக்க முடியாதுங்க."

காசி கண் கலங்கி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.