ஜன்னலை மறைத்த அலமாரி

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்கின கதையான்னா இருக்கு, காமாக்ஷி! ஜன்னலுக்குக் குறுக்கே யாராவது அலமாரியைப் போடுவாளா?"

பெண்கள் பள்ளிக்கூடத்தின் காரியதரிசி வைத்யநாதய்யருக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கும்படியாகவா இருந்தது? மைசூர் அக்ரஹாரத்தில் பெண் குழந்தைகளுக்கென்று முதன்முதலாக ஒரு வாசகசாலை. வரைபடம் அவரே போட்டது. சின்னக் கைக்கு எட்டுகிற தட்டுகள், குட்டை மேஜைகள், தோட்டத்தைப் பார்த்து ஆள் உயர ஜன்னல். உள்ளே நுழைகிற குழந்தைக்குத் திரும்பிப் போக மனசு வரக்கூடாது என்று கமிட்டியில் தொண்டை வற்ற வாதாடி வாங்கிய ஜன்னல் அது.

வாத்தியாரம்மா காமாக்ஷி அதைத்தான் ஒரு தேக்கு அலமாரியால் அடைத்து வைத்திருந்தாள். ஜன்னலும் கொல்லைக் கதவும் அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் குழந்தைகள் பட்டப்பகலில் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தன.

"வெயில் பட்டாப் புஸ்தகம் வெளுத்துடும், மாமா."

"போன வாரம் கரையான்னே. அதுக்கு முந்தி சுவர்ல ஓதம்னே. நாளைக்குப் பெங்களூர்லேர்ந்து இன்ஸ்பெக்டர் துரைசானி வரா. இந்தக் குகையையா காட்டறது?"

"சாயங்காலம் நானே நகர்த்தி வைக்கறேன்."

"இப்பவே நகரணும். இல்லேன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ."

அந்தச் சம்பளத்தில்தான் காமாக்ஷியும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அவள் அம்மாவும் சாப்பிட்டார்கள். இருந்தும் அவள் அசையவில்லை.

"வேலையை எடுத்துக்கோங்கோ, மாமா. அலமாரியைத் தொடாதேங்கோ."

வைத்யநாதய்யருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தேவராஜ மார்க்கெட்டிலிருந்து கையோடு கூட்டிவந்திருந்த இரண்டு கூலியாட்களைப் பார்த்து, "தள்ளுங்கப்பா" என்றார்.

மல்லப்பனும் அவன் கூட்டாளியும் தோள் கொடுத்தார்கள். அலமாரி இரண்டு முழம் நகர்ந்ததும் மல்லப்பன் நின்றுவிட்டான்.

"பின்னால புள்ளைங்க இருக்குதுங்க, சாமி."

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பாய். அதில் மூன்று பெண்கள், மழித்த தலையில் முக்காட்டோடு. மூத்தவளுக்குப் பதினாலு வயசிருந்தால் அதிகம். விஷ ஜுரம் புருஷன்மாரைக் கொண்டுபோன குழந்தைகள். ஆளுக்கொரு புத்தகம் மடியில் இருந்தது.

இப்படிப்பட்டவர்கள் எதிரே வந்தால் மற்றப் பெண்களுக்கு அபசகுனம், பள்ளிக்கூடத்தில் காலடி வைக்கக்கூடாது என்று போன வருஷம் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. கீழே கையெழுத்து வைத்யநாதய்யருடையது. யார் கண்ணிலும் படாமல் கொல்லை வழியாக வந்து படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் காமாக்ஷி அலமாரியை அங்கே போட்டிருந்தாள்.

"யார் குடுத்த தைரியம்..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்தினார்.

நடுவில் இருந்தவள் முகத்தை நிமிர்த்தினாள். அன்னபூர்ணி. அவர் பெற்ற பெண். கோயிலில் புராணம் கேட்கப் போகிறேன் என்று தினம் மத்தியானம் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள். தாலி அறுத்து வந்த நாளிலிருந்து அவர் பார்க்காத ஒரு தெளிவு அந்த முகத்தில் இருந்தது. பெற்ற மனசு அல்லவா, அவர் கூலியாட்கள் பக்கம் திரும்பினார்.

"மல்லப்பா, அலமாரி பழைய இடத்துலயே இருக்கட்டும். வெளியே போய் மூச்சு விடாதே."

காமாக்ஷி கையைக் கூப்பினாள். "நீங்க நன்னா இருக்கணும், மாமா. அப்போ அந்தத் தீர்மானம்?"

"அது அப்படியே இருக்கும். ஊருக்கு நான் பதில் சொல்லியாகணுமே." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தின்னா மறைச்சுடலாம். மூணு பேரை எங்கே மறைக்கறது? அன்னபூர்ணி வரட்டும். மத்த ரெண்டு பேரையும் நாளைலேர்ந்து நிறுத்திடு."

அந்த இருவரும் புத்தகங்களைப் பாய்மேல் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அன்னபூர்ணி தன் புத்தகத்தையும் மூடி அவற்றின்மேல் வைத்தாள். பிறகு அவர்களுக்கு முன்னால் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள்.