திரைக்குப் பொன்னாடை

பழைய மாணவர் பாராட்டு விழாவுக்கு என் மகன் எழிலரசு வரவில்லை. அவனுடைய முகமும் குரலும் கொண்ட, தானாகவே பேசும் கணினி நகல் ஒன்றை அனுப்பியிருந்தான். அது பள்ளிக்கூடத்தின் புதுத் திரையில் நின்று கும்பிட்டது. தலைமையாசிரியர் சற்குணம் அந்தக் கண்ணாடிக்குப் பொன்னாடை போர்த்தினார். வழுக்கி விழுந்தது. வெட்கமே இல்லாமல் இரண்டு வாத்தியார்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.

"வர்ற ஜூன்லேர்ந்து எட்டாம் வகுப்புக்கு அறிவியல் இவர்தான் எடுக்கப் போறார்!"

கூட்டம் விசிலடித்தது.

"எல்லாம் எங்கம்மா ஊட்டின சோறு" என்று திரை கண்ணீர் விட்டது. ஊட்டினேனாம்! அவன் ஹாஸ்டலில் வளர்ந்தவன். நான் மில்லே கதியென்று கிடந்தவள். இந்தப் பசப்பெல்லாம் ஊருக்கு. ஞாயிறு தவறாமல் போனில் என் முட்டிவலியை விசாரிப்பவன்தான் என் பிள்ளை என்று இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்குணம் மைக்கை நீட்டினார். "பையன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

"இதுகிட்ட என்னய்யா பேச்சு? ஞாயித்துக்கிழமை அவன்கிட்டயே பேசிக்கிறேன்."

திரை சிரித்தது. "அதுவும் நான்தாம்மா. மூணு வருஷமா நான்தான் பேசறேன்."

சற்குணம்தான் முதலில் கைதட்டினார்.