பெத்துராஜின் காக்டெயில் ஜெல்லி

"இனிக் குடிக்க மாட்டேன்" என்ற பெத்துராஜின் சத்தியத்துக்கு மாமனார் கொடுத்த விலை, ஒரு பழைய பைக்.

ஞாயிற்றுக்கிழமை பெத்துராஜ் யூடியூப் பார்த்து, தறிக்கு வாங்கிய நூல் மூட்டைக்குள் ஒளித்திருந்த ரம்மை ஜெல்லிப் பொடியில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து காக்டெயில் ஜெல்லி செய்தான்.

"ஏலே, சத்தியம் என்னாச்சு?" என்றான் கூட்டாளி தங்கப்பழம்.

"குடிக்க மாட்டேன்னுதாம்ல சொன்னேன். திங்க மாட்டேன்னா சொன்னேன்?"

நாலு கிண்ணம் உள்ளே போனதும் பெத்துராஜுக்கு நாக்கு குழறியது. மனைவியைக் கூப்பிட்டான்.

"ஏட்டி ஏஞ்சல்! உங்கப்பன் மகா கஞ்சன். ஓட்ட வண்டியக் குடுத்து, சங்கரன்கோவில் பூரா என்னத் தள்ள வச்சிட்டான்!"

தங்கப்பழம் பதறினான். "போதையில உளறுதான், மனசுல வச்சுக்காதம்மா."

"எந்தப் போதைண்ணே? ரம்மை நேத்தே கொட்டிட்டு, அந்தப் பாட்டில்ல டீ டிகாஷனோட கேக்குக்குப் போடுற ரம் எசென்ஸைக் கலந்து வச்சவளே நான்தான்."

பெத்துராஜின் குழறல் சட்டென்று நின்றது.

"உங்க சத்தியக் கணக்கு நேராயிட்டு. எங்கப்பாவ ஏசுனதுதான் பாக்கி. எங்கப்பா குடுத்த வண்டிச் சாவிய இங்க குடுங்க!"