ரங்கூன் கிளை

“முதல் குற்றம், வெள்ளைக்காரன் பாங்கு கடல் தாண்டி இங்கே வந்தது. இரண்டாவது, நம்ம மண்ணுல விளைஞ்ச வேர்க்கடலையை, நம்ம மல்லாட்டையைக் கப்பலேற்றிக் கொழுத்தது. மூன்றாவது, கடன் கேட்டுப் போன நம்மைப் படியிலேயே நிறுத்தியது. நான்காவது, நம்ம பாங்கு ரங்கூனில் கிளை திறந்தபோது நம்ம ஊரே சிரித்தது!”

திண்டிவனம் சுதேசி பாங்கின் வாசலில் நின்று தாண்டவராயன் முழங்கினார். மூன்று தடவை ஜெயில் பார்த்த தொண்டை.

எதிரே, போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க வந்தவர்களின் வரிசை கடைத்தெரு வரை நீண்டிருந்தது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டானாம்.

“ரங்கூனுக்கு யாரு போவச் சொன்னது? மல்லாட்டைக்குக் கடன் குடுத்துக்கினு கம்முனு கெடக்கறதுதானே?” என்றாள் முன்னால் நின்ற கேப்பை வியாபாரி சவுரியம்மாள்.

“வெள்ளைக்காரன் மட்டும் இங்க வரலாம், நாம போகக் கூடாதா?” என்றார் தாண்டவராயன்.

பாங்கை நடத்தும் ஏஜெண்டு சீனுவாசன் கைகூப்பினார். “ரங்கூன்ல போனது போச்சுங்க. இங்க உள்ளது வெள்ளாமைக் கடன்ல நிக்குது. அறுவடையானா வந்துடும். இன்னிக்கே எல்லாரும் கேட்டா, கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்புறம் யாருக்கும் இல்லீங்க.”

“கேட்டீங்களா? எடுக்கறவன் தேசத் துரோகி!” என்றார் தாண்டவராயன்.

“சரிங்கய்யா,” என்றாள் சவுரியம்மாள். “உங்க பணம் இதுல கீதுங்களா? கீதுன்னா சொல்லுங்க, நாங்க ஜல்தியா வூட்டுக்குப் போயிடறோம்.”

தாண்டவராயன் மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அபராதத்துக்காக சர்க்கார் ஜப்தி பண்ணிவிடுமே என்று பயந்து, இருந்ததையெல்லாம் அவர் மனைவி பேரில் போட்டு வைத்திருந்தார். அதே சர்க்காரின் தபாலாபீசில்.

“இன்னாங்கய்யா, பேச்சையே காணோம்?”

வரிசை சிரித்தது. முன்னால் நகர்ந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி கெங்கம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு துணி முடிச்சு.

“இங்க எதுக்குடி வந்தே?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“தபாலாபீசுலேருந்து வர்றேன். குண்டு விழுந்த அன்னிக்கே பணம் வேணும்னு எழுதிக் குடுத்தேன், இன்னிக்குத்தான் குடுத்தான்.”

“ஐயோ, மெதுவா பேசு!”

“நான் மெதுவாதான் பேசறேன். நீங்கதான் காலையிலேருந்து கத்திக்கினு கீறீங்க.”

மானம் போயிற்று என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் நேரே உள்ளே போய், முடிச்சைக் கேஷியர் முருகையன் முன்னால் அவிழ்த்தாள். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. யார் பேரில் என்று மட்டும் அவன் காதில் சொன்னாள்.

கொடுக்கிறவர், வாங்குகிறவர் யாரானாலும் பேரை உரக்கப் படிப்பது அந்தப் பாங்கின் வழக்கம். முருகையன் எழுந்து நின்று, கடைத்தெரு முனைவரை கேட்கும்படி படித்தான்:

“புதுக் கணக்கு! வரவு! பேரு, தாண்டவராயன்!”